நெற்றியில் ஆயிரம் கிப்

பெட்டியின் மூடியைத் திறந்ததும் அழுவதற்காகக் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திறந்தார்கள்.

ஒருவரும் அழவில்லை.

மலைக்கொழுந்தின் நெற்றியில் ஒரு நோட்டு ஒட்டியிருந்தது.

அவன் பெண்டாட்டி குனிந்து பார்த்தாள். புருஷன் முகம்தான். லாவோஸில் ஓட்டல் சமையலுக்குப் போய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போன முகம். அடுப்படியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான் என்று போனில் சொன்னார்கள். அதையே அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

அதற்குள் இது.

நோட்டைக் காசு அளவுக்கு மடித்து, சந்தனம் குழைத்து, நெற்றி நடுவில் பதித்திருந்தது. அலங்கோலமாக இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

அவள் கையில் ஒரு ரூபாய்க் காசு வியர்த்தது. அந்த வீட்டில் நெற்றிக்காசைப் பெண்டாட்டிதான் வைக்க வேண்டும். அவனுக்குச் செய்ய அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மலைக்கொழுந்தின் அண்ணன் எட்டிப் பார்த்தார். துட்டு என்றால் அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

"ஆயிரமா? ஆயிரத்தையா நெத்தியில வெச்சு விட்டுருக்காய்ங்க?"

பெட்டியோடு வந்தவன் சூசை. அதே ஓட்டலில் வேலை பார்க்கிறவன்.

"அது கிப்புண்ணே. நம்ம ரூவாய்க்கு நாலுதான் வரும். அங்க காசே புழக்கத்துல இல்ல, எல்லாமே நோட்டுதான். அதான் மடிச்சு வெச்சது."

"நீயா வெச்ச?"

"நான் வேதக்காரன், உங்க சாங்கியமெல்லாம் எனக்கென்ன தெரியும்? அந்தம்மாதான் வெச்சாங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எந்த அம்மா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பந்தல் முழுக்கப் புரிந்துபோயிற்று.

அவளுக்குப் பகீரென்றது.

நெற்றிக்காசைப் பற்றி ஒருவன் யாரிடம் பேசுவான்? தான் செத்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எவளிடம் சொல்லி வைப்பான்?

பெண்டாட்டியிடம் பேசியதெல்லாம், பணம் வந்துச்சா, மழை பெஞ்சுச்சா. அவ்வளவுதான்.

நோட்டில் பெண்கள் படம் அச்சடித்திருந்தது. மடிப்புக்கு வெளியே ஆயிரம் என்ற எண்ணும் ஒருத்தியின் முகமும் மட்டும் தெரிந்தன. நல்ல சிரித்த முகம். அவளுக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

"பிச்சு எறிஞ்சுட்டு நம்ம காச வையி தாயி," என்றாள் மாமியார்.

அவள் கையை நீட்டினாள். விரல் நோட்டின் ஓரம்வரை போயிற்று. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உரித்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நிமிர்ந்து சூசையைப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?"

சூசை தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லாப் பேசும்க்கா. நம்மூருப் பேச்சு அப்படியே வரும்."

யாரோ ஒருத்தி ஓவென்று ஆரம்பித்தாள். அதற்கே காத்திருந்ததுபோல் எல்லாப் பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. காசு இன்னும் கையில்தான் இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் கொஞ்சம் நகர்ந்தாள். ஏன் நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.