வெள்ளைக் கோடு

“மூணாவது தடவை! நீ ரிப்பேர் பண்றியா, எண்ணெய்க்கு வழி விடுறியா?”

மெக்கானிக் அந்தப் பழைய காரின் என்ஜினைத் துடைத்தான். மேல்மூடியின் நான்கு போல்ட்டுகளைச் சுற்றியும் எண்ணெய் கசிந்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போகணும். இவர் ஓட்டினா நான் கண்ணை மூடிக்கிட்டு உட்காருவேன். உன் வேலையிலதான் நம்பிக்கை இல்ல.”

பொரிந்து தள்ளிவிட்டு அந்த அம்மாள் வீட்டுக்குள் போனாள். அவள் கணவர் மட்டும் நின்றார்.

“சார், போல்ட் மரையில கசிவை அடைக்கிற பேஸ்ட் தடவி, புது வாஷர் போட்டு இறுக்கினேன். யாரோ ஸ்பானர் வெச்சுத் தளர்த்தியிருக்காங்க.”

“எப்படிச் சொல்ற?”

“இறுக்கினதும் போல்ட் தலையிலேருந்து மூடி வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல கோடு போட்டேன். இப்ப நாலு கோடும் ரெண்டு துண்டா விலகி நிக்குது, பாருங்க.”

அவர் குனிந்தார். மூக்கு என்ஜினில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

“எங்கே கோடு?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. வெயிலில் கோடுகள் பளீரென்று தெரிந்தன.

“சார்... நீங்களா?”

“போன மாசம் நான் ஓட்டிட்டுப் போறப்ப எதிர்ல சைக்கிள்ல வந்த பொண்ணு, கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சா. போல்ட்டைத் தடவிப் பார்த்தே தளர்த்திடலாம். ரோட்டைத் தடவிப் பார்க்க முடியுமா?” என்றார் அவர். “கோளாறு வண்டிக்குன்னா அவ உன்னைத் திட்டுவா. எனக்குன்னா அழுவா.”

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது.

“தம்பி, வரா. இந்த வண்டி இனிமே ஓடாதுன்னு நீயே சொல்லிடேன்...”