ஒரு வாரத் தவணை

“ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா டாக்டர்?”

கேட்டது பஸ் டிரைவரின் மனைவி. பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தலைக்குள்ள கட்டியோட எங்கண்ணன் படுத்துக் கிடக்கறாரு. அண்ணி தவணை கேக்கறாங்க. நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா?”

டாக்டர் நிமிர்ந்தார். “பயமாம்மா?”

“இல்ல டாக்டர். கட்டியை எடுத்துட்டா அவர் பழையபடி ஆயிடுவாரா?”

“ஆயிடுவார். அதுக்குத்தானே எடுக்கறோம்.”

அவள் முகம் வாடிவிட்டது.

கல்யாணமாகி இருபது வருஷம். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார் மனுஷன். ‘ஏய்’தான் அவள் பெயர். ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கி ஏங்கி, ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“எங்க வம்சமே அப்படித்தான். ரத்தத்துல இல்லாததை எங்கேருந்து கொண்டுவர்றது?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

அதே வம்சத்து நாத்தனார் மட்டும் எப்படி வாயே மூடுவதில்லை என்று கேட்க இவளுக்குத் தோன்றவில்லை. ரத்தத்தோடு சண்டை போட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டாள்.

போன மாசம் எல்லாம் தலைகீழானது. ஸ்டியரிங் பிடித்த கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “சாப்டியா? நீ சாப்ட்டாதான் நான் சாப்பிடுவேன்.” தெருவில் நின்றும் இதே கேள்வி. அக்கம்பக்கம் சிரித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கட்டி.

“இந்தப் பாசம் கட்டியோட வந்தது டாக்டர். கட்டியோடயே போயிடும். அந்த ‘சாப்டியா’வை இன்னும் ஒரு வாரம் காதாரக் கேட்டுக்கறேனே.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்பா நினைச்சுட்டீங்க” என்றார் டாக்டர். “கட்டி பாசத்தைக் கொண்டுவந்து வைக்காதும்மா. மனசுல இருக்கறதை அடக்கி வைக்கிற இடத்தை அது அழுத்துது. அவர் வண்டிக்கு பிரேக் போன மாதிரின்னு வச்சுக்கங்க. உள்ளே இருந்ததுதான் வெளியே வருது.”

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“அப்போ, இருபது வருஷமும் உள்ளேயே இருந்ததா?”

“இருந்திருக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கே பண்ணிடுங்க டாக்டர். ரத்தத்துல இல்லைன்னு சொல்லி அவர் இனிமே தப்பிக்க முடியாது. புத்தி தெளிஞ்சு, தானா கேக்கட்டும். அதுவரைக்கும் நான் சாப்பிடாமக் காத்திருக்கேன்.”