பின்வாசல் நோயாளி

இபாதான் நகரில் டாக்டருக்குப் படித்ததற்கு நான் பேசாமல் ஜோசியம் படித்திருக்கலாம்.

சந்தையில் மிளகாய் விற்கும் இயாபோ, உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்க என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

"நான் பலமா இருக்கேன் டாக்டர், இயேசுவின் நாமத்துல."

"தலை வலிக்குதா?"

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. வாயால சொன்னா நோவு ஒட்டிக்கும்."

காலையிலிருந்து வந்த பதினொரு பேரும் இதே பாட்டுதான். ஊசியைக் குத்தி ரத்தத்திடமே கேட்டேன். அது கூச்சப்படாமல் மலேரியா என்றது.

இயாபோ போனதும் பின்வாசல் வழியாக ஒருவர் நுழைந்து கதவைத் தாழிட்டார்.

"நாலு நாளா காய்ச்சல் டாக்டர். குளிர் தூக்கிப் போடுது. மூட்டுக்கு மூட்டு வலி. செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இன்னிக்கு வாயத் திறந்து நோவச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் ஐயா. வெளிய உக்காந்திருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லுங்களேன்."

அவர் மாத்திரைகளைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமைதோறும் அவங்களுக்குப் புத்தி சொல்ற பாஸ்டரே நான்தான் டாக்டர். நான் வந்தத மட்டும் வாயால சொல்லிடாதீங்க."