காய்ச்சல்காரன் பெயர்

சுகாதாரத் துறை எங்கள் கடற்கரைக்குச் செய்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, புகை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடித்தார்கள். கொசு பக்கத்து ஊருக்குப் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பிவிட்டது. எங்கள் மீன்குழம்புதான் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

இரண்டாவது, குடம். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் விடாதவர்கள், நாங்கள் பிடித்து வைத்த தண்ணீரில் புழு நெளிகிறதென்று கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது, போர்டு. ஊர் முகப்பில் 'மலேரியா பகுதி' என்று எழுதி நட்டார்கள். பெண் பார்க்க வந்த கார் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது.

நான்காவதுதான் மன்னிக்க முடியாதது. கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்லி, குழம்புக்கு ஆகாத பொடி மீனை எங்கள் கிணறுகளில் விட்டார்கள். சுறா பிடிக்கிறவனுக்கே மீன் காட்டினார்கள்.

ஆகவே போராட்டம். தலைவர் யேசுரத்தினம். மீனவர் மறியல் எது நடந்தாலும் முன்வரிசையில் நிற்பவர். 'எங்கள் ரத்தம் எங்களுக்கே' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்.

மங்களூர் போட்டுகளில் தொழில் செய்யும் ஆண்கள் அந்தோனியார் திருவிழாவுக்கு ஊர் திரும்பியிருந்த நேரம். அவர்களோடு மலேரியாவும் வரும் என்பதால், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அது லிஜாவின் வேலை. உள்ளூர்ப் பெண், தற்காலிக வேலை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. திருவிழா முடிவதற்குள் ரத்தம் எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் சத்தியராஜ் சொல்லிவிட்டார்.

அவளே ஊர்க் குருசடிச் சிலுவை முன்பு நடந்த கூட்டத்துக்கு வந்து பேசினாள். ஊரில் ஏற்கெனவே ஒருவருக்கு மலேரியா வந்ததாகவும், மாத்திரை கொடுத்துக் குணமாக்கிவிட்டதாகவும், மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கத்தான் கெஞ்சுவதாகவும் சொன்னாள்.

யேசுரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"யாருட்டி அந்த ஆளு? பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன் மாமா. வாக்கு குடுத்திருக்கேன்."

"ஆளே இல்ல. பிறகு பேரு எங்கயிருந்து வரும்?"

"கிணத்துல விட்ட மீனுக்குக் காய்ச்சல் வந்திருக்கும் மாமா" என்றான் போட் டிரைவர் பெனிட்டோ.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மீனுக்கு எந்த விரலில் குத்தினாள் என்று ஒருவன் கேட்டான். மாத்திரையைத் தூண்டிலில் மாட்டித்தான் கொடுத்திருப்பாள் என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்கும்வரை யேசுரத்தினம் காத்திருந்தார்.

"பேரைச் சொல்லு. இந்த நிமிஷமே எனக்க விரலை நீட்டுகேன். சொல்ல முடியலயா, பெட்டியைக் கட்டு."

லிஜா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரசாங்கச் சம்பளத்துக்காக ஊருக்கே நோய்ப்பட்டம் கட்டுகிறவள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். லிஜாவை எந்த வீட்டுக்குள்ளும் விடக்கூடாது என்ற தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கொடியேற்றம். கோயில் நிரம்பி வழிந்தது. யேசுரத்தினம் சலவை வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். லிஜா பெண்கள் பக்கத்தில் கடைசியில். அவளுக்குப் பதிலாக வருகிற ஆள் யார் என்றுகூட ஊரில் பேச்சு வந்துவிட்டது.

பூசைக்கு முன்பு உபதேசியார் மைக்கில் நன்றிப் பூசை நேர்ச்சைகளை வாசித்தார். எங்கள் ஊரில் நேர்ச்சை என்றால் பெயரோடு வாசிக்க வேண்டும். பெயர் இல்லாமல் வாசித்தால் அந்தோனியாரிடம் போய்ச் சேராது என்பது பெண்களின் உறுதி. குவைத் விசா வந்தவன், கணக்கில் பாஸானவள், புயலில் போட்டோடு கரை சேர்ந்தவன் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடற்கரைவரை ஒலித்தன.

கடைசியாக ஒன்று.

"மலேரியாக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய புனித அந்தோனியாருக்கும், யாருக்கும் தெரியாமல் வீடு தேடி வந்து மாத்திரை தந்த தங்கை லிஜாவுக்கும் நன்றியாக, திரேசம்மாள் தன் கணவருக்காக நேர்ந்த பூசை."

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். நேர்ச்சையாயிற்றே, வாசிக்காமல் விட முடியுமா?

"கணவர் பெயர், யேசுரத்தினம்."