எதிர்ச்சுற்று

"இந்தத் தாரை யாரு சுத்தினது?"

தறிக்குழியில் உட்கார்ந்திருந்த சின்னையா கேட்டான். ராட்டையின் முன்னால் வீராயி இருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது.

"தெரியலைங்க."

"வீட்டுல இருக்கிறது நாம ரெண்டு பேரு. தெரியலைன்னா எப்படி?"

அவள் குனிந்த தலை நிமிராமல், வலது கையால் ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.

உறையூரில் பிறந்தவனுக்குச் சுற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஒரு தெருவில் நூல் சுற்றுவார்கள், அடுத்த தெருவில் சுருட்டுச் சுற்றுவார்கள், இரண்டுக்கும் வணங்காதவன் ஊர் சுற்றுவான். குச்சியில் நூல் சுற்றினால் தார். தாரை, பாவுக்குக் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைத்தால்தான் தறி ஓடும். வலக்கைக்காரி சுற்றினால் நூல் ஒரு பக்கமாக ஏறும், இடக்கைக்காரி சுற்றினால் எதிர்ப்பக்கம். பத்து நாளாகக் கூடையின் அடியில் தினமும் நாலைந்து தார் எதிர்ச்சுற்றாகக் கிடந்தன.

அந்தத் தெருவிலேயே எதிர்ச்சுற்றுச் சுற்றியவள் ஒருத்திதான். அவனுடைய மூத்த தாரம் வள்ளிக்கண்ணு. காவிரியில் கால் வழுக்கி விழுந்து அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

வாய் கேட்டதே தவிர, வீராயியை அவன் சந்தேகப்படவே இல்லை. தொட்டியத்தில் பெண் இருப்பதாகத் தரகர் சொன்னபோது அவன் சொல்லியனுப்பிய நிபந்தனை ஒன்றே ஒன்று, பெண் இடக்கைக்காரியாக இருக்கக் கூடாது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அக்கா பேச்சோடு பேச்சாக ஒரு நூல்கண்டைச் சட்டென்று தூக்கிப் போட்டாள். வீராயி வலது கையால் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

அன்று அந்தத் தார்களை எல்லாம் அவன் அடுப்பில் போட்டுக் கொளுத்தினான். மறுநாள் கூடையில் ஆறு இருந்தன.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கடைவீதிக்குப் போயிருந்தவன் சீக்கிரமே திரும்பிவிட்டான். உள்ளே ராட்டை ஓடும் சத்தம் கேட்டது. வழக்கம்போல வாசலில் கனைத்துவிட்டுப் போனான். ராட்டை முன்னால் யாரும் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வீராயி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சின்னையா வந்த வழியே வாசலுக்கு ஓடினான். அன்றிலிருந்து அவன் தறிக்குழியில் இறங்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பக்கத்து வீட்டுக் காளியாயி அவன் முகத்தைப் பார்த்தே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அவளுக்கு உங்கிட்ட ஏதோ பாக்கி இருக்கு தம்பி. அதான் வீட்டையே சுத்திச் சுத்தி வரா. அவ போன துறைக்கே போயி, மனசுல உள்ளதை மறைக்காம சொல்லிட்டு, அவ சுத்தினதை ஆத்துல விட்டுடு. இளையவளையும் கூட்டிட்டுப் போயி ஒரு கும்பிடு போடச் சொல்லு. இல்லேன்னா அவ உன்னைக் கூட்டிட்டுத்தான் போவா."

மறுநாள் காலை கூடையோடு கிளம்பினார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது வீராயி மெல்லச் சொன்னாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

"திரும்பி வர்றப்போ சொல்லு."

"சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னுதான் இத்தனை நாளா…"

"அப்புறம்னு சொன்னேன்ல? என் உசிரு என்கிட்ட இல்ல."

அம்மாமண்டபத்துக்கு மேற்கே ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்னத் துறை. ஆடி வெள்ளம் நாலு படியை விழுங்கியிருந்தது. துண்டை வீராயியிடம் கொடுத்து, அவளை மேலே நிற்கச் சொல்லிவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கூடையைக் கவிழ்த்தான்.

தார்கள் எல்லாம் வெள்ளத்தோடு போயின. ஒன்று மட்டும் சுழலில் சிக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றச் சுற்ற நூல் பிரிந்து வந்து அவன் காலைச் சுற்றியது. உதறினான். நூல் இறுகியது. கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினான்.

"வள்ளி, என்னை விட்டுடு. ஊர்ல சொன்னது பொய்தான். நீ வழுக்கி விழலே. வார்த்தை தடிச்ச கோவத்துல நான்தான் தலையைப் புடிச்சு அமுக்கினேன். உன் இடக்கை மேல வந்து என் கையைப் புடிச்சுது. அதையும் நான்தான் உதறிவிட்டேன். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. என்னை மன்னிச்சிடு."

கண்ணைத் திறந்தபோது நூல் அறுந்து, தார் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. திரும்பினான். அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே இரண்டாவது படியில் வீராயி நின்றிருந்தாள்.

"கேட்டுட்டியா?" என்றான். "சரி, போவுது. நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே. அவளும் இனிமே வர மாட்டா. ஆமா, நீ என்னமோ சொல்லணும்னியே?"

வீராயி அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினாள். மேல்படிக்குப் போன பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"அந்தத் தாரெல்லாம், நீங்க இல்லாத நேரம் வலக்கை வலிக்கிறப்போ நான் சுத்தினதுங்க. எனக்குப் பொறந்ததுலேருந்தே இடக்கை. நூல்கண்டை வலது கையால பிடிக்கத்தான் எங்க அப்பா பதினஞ்சு நாளு பழக்கினாரு."