மாமா போட்ட பூட்டு

“உன் தம்பி இனிமே இந்த வாசப்படியை மிதிச்சான்னா, ஒண்ணு வீட்டுக்குள்ள அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்! ரெண்டுல ஒருத்தர்தான்!”

மாமா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பிறகு நாகரிகம் கருதிப் பாதி மூடிக்கொண்டது.

அக்கா வாயைத் திறந்தால் புருவம் அசையும், புருவம் அசைந்தால் நெற்றியில் போட்ட தையல் இழுக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

தம்பி கையில் கருவிப் பெட்டியோடு வாசலுக்கு வெளியே நின்றான். கேரவன்களுக்கு உள்வேலை செய்து கொடுப்பது அவன் தொழில். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு கேரவனை மாமா ஆசை ஆசையாக வாங்கினார். அதில் டிவியை மாட்டிக் கொடுத்தவன் தம்பிதான். முந்தாநாள், முதல் பயணத்தின் முதல் வளைவிலேயே, அந்த டிவி பாய்ந்து வந்து அக்காவின் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டது.

“மாமா, நான் ஒரு தடவை வண்டியைப் பாத்துடுறேன்...”

“என்னத்தப் பாக்கப் போற? உன் அக்கா மூஞ்சியைப் பாரு, போதும்! கூடப் பொறந்தவளுக்கே இந்தக் கதின்னா, ஊரான் வண்டிக்கு என்ன லட்சணத்துல வேலை செய்வே? உன் பட்டறை வாசல்ல வந்து நின்னு நாலு பேருக்குக் கேக்குற மாதிரி கத்தலைன்னா பாரு!”

அதுவரை பொறுத்திருந்த தம்பிக்கும் சுருக்கென்று ஏறியது. வேலையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் ஏறாது?

“கத்துங்க. அதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள வாங்க. பாத்துட்டுக் கத்துங்க.”

மூவரும் வண்டிக்குள் ஏறினார்கள். விரிசல் விட்ட டிவி சுவரில் அதே இடத்தில்தான் இருந்தது. தம்பி அதைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்து, தொங்காத குறையாக இழுத்தான். வண்டிதான் ஆடியது. ஸ்டாண்டு அசையவே இல்லை.

“பாத்தீங்களா? வெறும் பலகையில திருகிட்டுப் போகலை. பின்னாடி இரும்புச் சட்டம் எங்க ஓடுதுன்னு தட்டித் தட்டிப் பாத்து, அதுல போட்ட போல்ட்டு. ஒண்ணுகூட இளகலை.”

“அப்ப டிவிக்குக் கால் முளைச்சு வந்துச்சா?”

“காலில்ல மாமா, கை! படம் பாக்கும்போது முன்னால இழுத்துக்குற கை இது. வண்டி கிளம்பும்போது மடக்கி, லாக் பின்னைச் செருகணும். செருகலைன்னா வளைவுல கதவு மாதிரி வீசும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“செருகினேன்டா!” மாமாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “என் கையால செருகினேன். டக்குன்னு சத்தம்கூடக் கேட்டுச்சு. என்னைப் பொய்யன்னு சொல்றியா? கேளு, உன் அக்காவையே கேளு!”

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் அவன் உடைத்த பொருளுக்கெல்லாம் தான் உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கியவள். இன்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“செருகினாருடா. என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் வீட்டைப் பூட்டப் போனேன்.”

தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப அது வேற பின்னா இருக்கும். நான் கயித்துல கட்டித் தொங்கவிட்டதைத் தொலைச்சிருப்பீங்க.”

“தொலைக்கிறதா? நானா? ஒரு இத்துப்போன கயித்துல கட்டிவச்சிருந்தே. அது அறுந்துடும்னு நான்தான் அவுத்து, ஜென்மத்துக்கும் தொலையாத மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். உன்னை நம்பினா விளங்கினாப்லதான்!”

“சரி. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இப்ப செய்ங்க. தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து ஓட்டுங்க. டிவி வெளிய வந்துச்சுன்னா நான் இந்தத் தொழிலை விட்டுடுறேன். அக்கா முகத்துலயும் முழிக்க மாட்டேன்.”

“டேய்!” என்றாள் அக்கா. தையல் இழுத்தது. கண்ணில் நீர் வந்தது தையலால் மட்டுமல்ல.

“சொன்ன சொல் மாறக் கூடாது,” என்றார் மாமா. டிவியை மடக்கினார். சட்டைப் பையில் கைவிட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பின்னைச் செருகினார். டக்கென்ற சத்தம் மூவருக்கும் கேட்டது.

“கேட்டுச்சா? காது குளிர்ந்துச்சா?”

விறுவிறுவென்று முன்னால் போய் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார்.

“ஏய், வண்டிச் சாவி எங்க?”

அக்காவும் தம்பியும் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமா முணுமுணுத்தபடி எழுந்து வந்தார். “இங்கதானே இருக்கு, வாயைத் திறந்து சொன்னா என்ன?” என்றவர், ஜென்மத்துக்கும் தொலையாதபடி வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்த லாக் பின்னை டிவியிலிருந்து சரக்கென்று உருவி, சாவியோடு எடுத்துக்கொண்டு போய் மறுபடி உட்கார்ந்தார்.

“ம்... கிளம்பலாமா?”

“தம்பி, நீ வீட்டுக்குள்ள வந்து சாப்பிடு,” என்றாள் அக்கா. “ரெண்டுல ஒருத்தர்தான்னு சொன்னாருல்ல? அவரு வண்டியிலேயே இருக்கட்டும்.”