இருபதாம் முகவரி

ஊர் பேர் தெரியாத பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஃபயர்வால் அது; வேண்டாத கணினிகளின் செய்திகளை வெளியிலேயே நிறுத்தும் மென்பொருள் சுவர். பத்திலிருந்து இருபது வரையுள்ள முகவரிகளைத் தடு என்றால், இருபதை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. முன்பின் அறியாத தமீம் என்பவர் அனுப்பிய திருத்தத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தாள், அதை எழுதுபவர்களில் ஒருத்தியான மங்கையர்க்கரசி. ‘இருபதைவிடக் குறைவு அல்லது சமம்’ என்று இருக்க வேண்டியதில் விடுபட்டிருந்த ஒரு சமக்குறி, அவ்வளவுதான். பிழையை முதலில் எழுதியவர் பெயரையும் திருத்தத்தின் கீழே குறிப்பிடுவது அங்கே வழக்கம். தமீம் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பழைய பதிவுகளைத் தோண்டினாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த வரி அவளுடையது.

“பேரை விட்டுட்டீங்களே,” என்று எழுதிக் கேட்டாள்.

“தெரிஞ்சேதான் விட்டேங்க. நான் எழுதியிருந்தாலும் அங்கதான் சறுக்கியிருப்பேன்,” என்று பதில் வந்தது.

திருத்தத்தைச் சேர்த்துவிட்டு, இருபதாம் முகவரியிலிருந்து ஒரு செய்தி அனுப்பிச் சுவரைத் தட்டினாள். பதில் இல்லை; சுவர் இப்போது இருபதையும் தடுத்தது. மறுபடி தட்டினாள். இல்லை. காலியிடத்தில் தன் பெயரை எழுதினாள். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் அதே பெயர். அதன் கீழே தமீமுக்கு நன்றி என்று அடித்தாள். அது போதாதென்று பட்டது. மூன்றாம் முறையாகச் சுவரைத் தட்டிவிட்டு, யாரும் திறக்காததைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.